சவுண்டு கார்டு வாங்கலாமா, மதர்போர்டுல இருக்கறதே போதுமா? (கடலூர், பட்ஜெட் 2000)

ஓ.டி. கேசட்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப ஒரு டவுட்டோட வந்திருக்கேன். நான் கடலூர் முதுநகர். வீட்ல ஒரு டெஸ்க்டாப், எச்310 போர்டு, 2019ல அசெம்பிள் பண்ணது, சவுண்டு போர்டுலயே வர்றது தான், பொட்டில ரியல்டெக் ஏஎல்சி887னு போட்ருக்கு. அதுலேர்ந்து ஒயர் இழுத்து லோக்கல்ல அசெம்பிள் பண்ண 2.1 ஆம்ப்ளிஃபயர்ல மாட்டியிருக்கேன், அதே ஆம்ப்ல தான் டிவியோட செட்டாப் பாக்ஸும் இருக்கு, செலக்டர் திருப்பி மாத்தி மாத்தி கேப்போம்.

பிரச்சன என்னன்னா ஆம்ப் ஆன் பண்ணாலே அடியில "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம் ஓடிட்டே இருக்கு, பாட்டு ஓடும்போது அவ்ளோவா தெரில, பாட்டு நின்னா எரிச்சலா இருக்கு. சரி ஹெட்போன்ல கேக்கலாம்னு கேபினெட் முன்பக்கம் சொருகுனா அது வேற மாதிரி, மவுஸ நகத்துனா "கீ... கீ..."ன்னு காதுக்குள்ள பூச்சி பூந்த மாதிரி, பேஜ் ஸ்க்ரோல் பண்ணா அதுக்கேத்த மாதிரி சத்தமும் மாறுது.

இன்னொரு வேலையும் இருக்கு, உண்மையில அதுக்கு தான் அவசரம். அப்பா கூத்து பைத்தியம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் தீமிதி திருவிழால எங்க கூத்து நடந்தாலும் டேப் ரெக்கார்டர தூக்கிட்டு போயி விடிய விடிய பதிவு பண்ணி வச்ச கேசட்டு ஒரு டிரங்கு பொட்டி நெறைய கெடக்கு. அத கம்ப்யூட்டர்ல ஏத்தணும், சிலது இப்பவே பூசணம் புடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

லாரன்ஸ் ரோட்ல ஒரு கடைல கேட்டா "ஆன்போர்டு சவுண்டுன்னா அப்டி தான் தம்பி இருக்கும், இத மாட்டு"ன்னு 7.1னு எழுதுன ஒரு குட்டி யூஎஸ்பி டாங்கிள காட்டுனாரு, 350 ரூபா. பாண்டில இன்னொரு கடைல உள்ள சொருகுற கார்டு 2000 ஆகும்னாங்க. எது வாங்குனா சத்தம் போகும்? எதாவது வாங்கணுமா மொதல்ல? நான் பாட்டு கேக்கறவன் தான், டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது.


வெள்ளி கடற்கரை:

வேஸ்ட் ப்ரோ. அந்த 2000த்த சேத்து வச்சி நல்ல ஸ்பீக்கர் வாங்கு. கார்டுல 5 பர்சன்ட் வித்தியாசம் கூட வராது, ஸ்பீக்கர்ல தான் எல்லாமே.


லாஸ்பேட்டை லெஃப்ட் ரைட்:

மேல சொன்னவரு கார்டு போட்டு கேட்டதே இல்ல போல. நான் பிசிஐஇ கார்டு, அதாவது மதர்போர்டுல உள்ள சொருகுற கார்டு ஒண்ணு போட்டு ரெண்டு வருசமா ஓட்டறேன், ஆன்போர்டுக்கும் இதுக்கும் ராத்திரி பகல் வித்தியாசம் பா. பேஸ் இறங்கி அடிக்குது, வாய்ஸ் தனியா நிக்குது, கேம்ல யாரு எந்த பக்கத்துலேர்ந்து வர்றான்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். ஆன்போர்டு சவுண்டு ஃப்ரீயா குடுக்கறாங்க, ஃப்ரீயா குடுக்கறது எப்டி இருக்குமோ அப்டி தான் இருக்கும். நீ தாராளமா வாங்கு, ஆனா அந்த 350 ரூபா டாங்கிள் வேணாம், அது எட்டு ஸ்பீக்கருக்கு தனித்தனியா சத்தம் விடற 7.1லாம் கெடையாது, ஒரே ஒரு ஸ்டீரியோ ஓட்டை தான் இருக்கும், சாஃப்ட்வேர்ல எதிரொலி சேத்து 7.1னு பேரு வச்சிடுவாங்க.


முத்தியால்பேட்டை சால்டரிங்:

தம்பி, ரெண்டு பேரும் சொன்னது இருக்கட்டும், நீங்க கேட்டது மூணு தனித்தனி கேள்வி. ஆம்ப்ல வர்ற ம்ம்ம் ஒண்ணு, ஹெட்போன்ல வர்ற கீ ஒண்ணு, கேசட் ஏத்தறது ஒண்ணு. மூணுக்கும் ஒரே மருந்து கார்டுன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு, அவருக்கு வியாபாரம், தப்பு சொல்ல முடியாது. நான் இந்த ரிப்பேர் வேலைல ரொம்ப காலமா இருக்கேன், இந்த மாதிரி சத்தத்தோட வர்ற சிஸ்டத்துல சிப்பு மேல தப்பு இருந்தத பாத்தது ரொம்ப கம்மி.

சவுண்டு கார்டு தனியா வாங்கணும்ங்கற பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அந்த காலத்து கம்ப்யூட்டர்ல பீப் பீப்னு அடிக்கறத தவிர வேற சத்தம் கெடையாது. 1989ல சிங்கப்பூர்லேர்ந்து கிரியேட்டிவ் கம்பெனி சவுண்டு பிளாஸ்டர்னு ஒரு கார்ட விட்டான், அதுக்கப்புறம் தான் பாட்டு கேம்லாம். அப்புறம் 1997ல இன்டெல் ஏசி97னு ஒரு ஸ்டாண்டர்டு கொண்டு வந்து சவுண்ட போர்டுலயே ஏத்த வழி பண்ணான், மொதல்ல வந்ததுல நெறைய நெஜமாவே மட்டமா தான் இருந்துச்சு, கரகரன்னு, ஆன்போர்டு வேஸ்ட்டுன்ற பேரு அப்ப கெட்டது இன்னும் மாறல. 2004ல எச்டி ஆடியோன்னு அடுத்த ஸ்டாண்டர்டு வந்துடுச்சு, இப்ப நீங்க வச்சிருக்கறது அந்த வழில வந்தது. கேம் ஆடறவங்களுக்கு கார்டு பெருசா உதவுனதும் ஒரு காலம் தான், 2007ல விஸ்டா வந்தப்ப கேம் சவுண்ட நேரா கார்டு சிப்புல ஓட்ற பழைய வழிய மைக்ரோசாஃப்ட்டு எடுத்துட்டான், இப்ப அந்த திசை காட்ற வேலைலாம் பெரும்பாலும் கேமே பிராசஸர்ல பண்ணிடுது.

உங்க ஏஎல்சி887க்கு ரியல்டெக் குடுத்திருக்கற கணக்கு, வெளிய விடற பக்கம் இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் நடுவுல 97 டெசிபல். சிடில வர்ற 16 பிட்டுக்கு கணக்குப்படி வர்றதே 96 தான். அத விடுங்க, உங்க ரூம்ல ஃபேன் ஓடுமில்ல? ஃபேன் ஓடற ரூமு சும்மா இருந்தாலே 40, 45 டெசிபல் சத்தம் இருக்கும், நீங்க சத்தமா பாட்டு வச்சா 85, 90. நடுவுல காதுக்கு கெடைக்கற எடம் 45, 50 டெசிபல் தான், மே மாசத்துல ஃபேன நிறுத்திட்டு பாட்டு கேக்க நம்ம ஊர்ல யாராலயும் முடியாது. இன்னும் ஒசத்தியான போர்டுல ஏஎல்சி1220னு 120 டெசிபல் சிப்பே போடறான், அதுலயும் இதே மாதிரி ம்ம்ம்னு வந்த சிஸ்டம் என் டேபிளுக்கு வந்திருக்கு.

அப்ப சத்தம் எங்கேர்ந்து வருது? சத்தத்தோட ஜாதிய வச்சே பாதி சொல்லிடலாம். அடி சுருதில மாறாம ம்ம்ம்னு ஓடுனா அது கரண்டு லைனோட 50, 100 ஹெர்ட்ஸ், எர்த்து சமாச்சாரம். மவுஸ் ஆட்டுனா மாறுற கீச்சு, கேபினெட்டுக்குள்ள ஓடற டிஜிட்டல் குப்பை ஆடியோ ஒயர்ல ஏறுறது. மாறாத "ஸ்ஸ்ஸ்"னா ஆம்ப்போ மைக் பூஸ்ட்டோ அளவுக்கு மேல ஏத்தி வச்சிருக்கீங்க. உங்களுக்கு மொத ரெண்டும் இருக்கு.

இப்ப ஒண்ணு செய்ங்க. செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் டிவி ஒயர், அந்த தடி கறுப்பு ஒயர், அத மட்டும் கழட்டிட்டு ஆம்ப்ல கம்ப்யூட்டர் பக்கம் வச்சி கேளுங்க. ம்ம்ம் போச்சுன்னா உங்களுக்கு எர்த் லூப். கேபிள் ஒயரோட வெளி வலை தெருவுல வேற எங்கயோ எர்த் ஆகியிருக்கும், கம்ப்யூட்டர் உங்க வீட்டு எர்த்துல நிக்கும், ரெண்டும் ஆம்ப்ல வந்து சேருது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ஆடியோ ஒயரோட ஷீல்டு வழியா ஓடுது, அதத்தான் நீங்க கேக்கறீங்க. இதுக்கு யூஎஸ்பி கார்டு வாங்கி மாட்டுனாலும் போகாது, ஏன்னா யூஎஸ்பி ஒயர்லயும் அதே கிரவுண்டு தான் வருது. நெறைய பேரு இங்க தான் காச விடறாங்க.

அடுத்து டெஸ்டர எடுத்து கேபினெட் பாடில ஸ்க்ரூ இருக்கற எடத்துல வச்சி பாருங்க. எரிஞ்சா கேபினெட்டுக்கு எர்த்தே வரலன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு கரண்டு குடுக்கற பவர் சப்ளை பொட்டி, அதுக்குள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் லைன்லேர்ந்தும் நியூட்ரல்லேர்ந்தும் பாடிக்கு போட்ருப்பான், எர்த் இல்லன்னா பாடி பாதி வோல்டேஜ்ல தொங்கும், 110 கிட்ட. கரண்டு ரொம்ப கம்மி தான், ஆனா கை ஈரமா தொட்டா சுருக்குன்னு இருக்கும், ஆடியோவுலயும் கொர்ர்ருனு வரும். சில பேரு ஹம் போகணும்னு மூணு பின் பிளக்குல எர்த் பின்ன ஒடச்சி விடுவாங்க, தயவு செஞ்சி அத மட்டும் பண்ணாதீங்க, சத்தம் போனாலும் போகும் உயிரும் போகும்.

ஹெட்போன பின்னாடி பச்ச ஓட்டைல சொருகி மவுஸ ஆட்டி பாருங்க. முன்பக்க ஜாக்குக்கு போர்டுலேர்ந்து ஒரு மெல்லிசு ஒயர் கேபினெட் முழுக்க சுத்தி வருது, கிராஃபிக்ஸ் கார்டு பக்கத்துல, யூஎஸ்பி ஒயரோட ஒண்ணா கட்டி, எல்லா குப்பையும் அதுல ஏறிடும். பின்பக்கம் சுத்தமா இருந்தா ஒரு நீட்டு ஒயர் 100 ரூபாய்க்கு வாங்கி பின்னாலேர்ந்தே முன்னாடி இழுத்துக்கங்க, சோலி முடிஞ்சது. ஒண்ணு சொல்லணும், நீங்க கடலோரம், உப்புக்காத்துல ஜாக்கோட உள்தகடு பச்ச பூத்துடும், ஜாக்க ஆட்டுனா கரகரன்னா அது தான், கான்டாக்ட் கிளீனர் அடிச்சா சரியாகும்.

இதெல்லாம் பாத்துட்டு எழுதுங்க, அப்புறம் கார்ட பத்தி பேசலாம்.


லாஸ்பேட்டை லெஃப்ட் ரைட்:

அண்ணே உங்க அனுபவத்துக்கு மரியாத குடுத்து கேக்கறேன், அப்ப எனக்கு கேக்கற வித்தியாசம் பொய்யா? என் ஹெட்போன் 250 ஓம், ஆன்போர்டுல வால்யூம் 100 வச்சாலும் சப்புனு இருக்கும், கார்டுல போட்டா தான் உயிரே வருது. சும்மா மனசுல தோணுறதுன்னு சொல்லிடாதீங்க.


முத்தியால்பேட்டை சால்டரிங்:

பொய்னு நான் எங்கப்பா சொன்னேன். 250 ஓம்னு சொன்னீங்க பாத்தீங்களா, அந்த ஒரு வார்த்தைல விசயம் இருக்கு. சாதா ஹெட்போன் 32 ஓம், அதுக்கு ஆன்போர்டு குடுக்கற ஒரு வோல்ட் சுத்தி இருக்கற சிக்னல் தாராளம். அதே ஒரு வோல்ட்டு 250 ஓம்ல போனா 4 மில்லிவாட் தான் கெடைக்கும், அதான் சப்புனு இருக்கு. உங்க கார்டுல ஹெட்போனுக்குன்னு தனி ஆம்ப் இருக்கு, அது வோல்டேஜ தூக்கி குடுக்குது. அது உங்களுக்கு நெஜமான லாபம். இந்த தம்பி ஓட்றது 2.1 ஆம்ப், அது கம்ப்யூட்டர்லேர்ந்து பவரே கேக்காது, அவருக்கு அந்த லாபம் வராது. இதுக்கு நேர் எதிர்ல, சில இயர்போன்ல ஒரு காதுக்கு மூணு நாலு குட்டி டிரைவர் இருக்கும், அதுங்களுக்கு ஜாக்கோட அவுட்புட் ஓம் அதிகமா இருந்தா பேஸ் டிரெபிள் கணக்கே மாறிடும், சில போர்டுல அது 75 ஓம் கிட்ட கூட இருக்கும், அங்க ஒரு சின்ன யூஎஸ்பி டேக் (DAC, டிஜிட்டல சத்தமா மாத்தற டப்பா) வாங்குனா காதுக்கே தெரியும். அதுக்கு பெரிய கார்டு வேணாம், ஆப்பிள்காரன் ஃபோனுக்கு விக்கற டைப் சி ஹெட்போன் டாங்கிளே போதும், அவுட்புட் ஓம் ஒண்ணு கிட்ட தான், கம்ப்யூட்டர்லயும் டிரைவர் இல்லாம ஓடும்.

ஆனா பேஸ் இறங்கி அடிக்குது வாய்ஸ் தனியா நிக்குதுன்னதுல கொஞ்சம் நிதானம் வேணும். ரெண்டு சாமான ஒப்பிடும்போது ஒண்ணு ஒரு டெசிபல் கூட இருந்தாலும் காது அதத்தான் நல்லா இருக்குன்னு சொல்லும், சத்தம் கூடன்னு சொல்லாது. கார்டு டிரைவர் இன்ஸ்டால் பண்ண உடனே பேஸ் பூஸ்ட்டு, சரவுண்டு எல்லாம் அதுவா ஆன் ஆயிருக்கும், அத ஆஃப் பண்ணிட்டு கேட்டீங்களா? நெஜமா பாக்கணும்னா 100 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சி, ஹெட்போன் மாட்டுனபடியே, ரெண்டு ஜாக்குலயும் ஒரே அளவு வர்ற மாதிரி வால்யூம சரி பண்ணுங்க, வீட்ல யாரையாவது விட்டு உங்களுக்கு தெரியாம மாத்தி மாத்தி சொருக சொல்லுங்க, எதுல கேக்கறீங்கன்னு எழுதுங்க. பத்துக்கு ஒம்போது வந்தா நான் பாண்டில உங்களுக்கு டீ வாங்கி தர்றேன்.


லாஸ்பேட்டை லெஃப்ட் ரைட்:

டீக்கு ஞாயித்துக்கிழம சண்டே மார்க்கெட் பக்கம் வாங்கண்ணே 😄 டெஸ்ட்லாம் நிதானமா பாக்கறேன். பூஸ்ட்டு ஆன்ல தான் இருந்துச்சு, அது ஆன்ல இருக்கும்போது தான் எனக்கு புடிச்சிருக்கு, காசு குடுத்தவன் நான் தானே. கார்டு நல்லா தான் இருக்கு, அதுல மாத்தம் இல்ல.


வெள்ளி கடற்கரை:

எஃபெக்ட்டு தான் வேணும்னா ஆன்போர்டுலயே ஈக்வலைசர் சாஃப்ட்வேர் ஃப்ரீயா கெடைக்குதே, அதுக்கு எதுக்கு கார்டு.


ஓ.டி. கேசட்:

அண்ணே எல்லாம் பண்ணி பாத்தேன், நெஜமாவே ஆச்சரியமா இருக்கு. கேபிள் ஒயர கழட்டுன உடனே ம்ம்ம் முக்காவாசி போச்சு, மறுபடி சொருகுனா டக்குனு வருது. மிச்சம் கொஞ்சம் கொர்ர்னு இருந்துச்சு, டெஸ்டர் வச்சா கேபினெட் பாடில லேசா எரியுது. எக்ஸ்டென்சன் பாக்ஸ கழட்டி பாத்தா அதுல எர்த் ஒயரே கெடையாது, மூணு பின் ஓட்டை மட்டும் சும்மா அழகுக்கு வச்சிருக்கான். செவுத்துல இருக்கற பிளக் பாயின்ட்டுல நேரா மாட்டுனா டெஸ்டர் எரியல, சத்தமும் போச்சு. ஹெட்போன பின்பக்கம் சொருகுனா மவுஸ் கீச்சு சுத்தமா இல்ல.

ஆனா கேபிள் ஒயர கழட்டி வச்சா அம்மா சீரியல் பாக்க முடியாது, வீட்ல நான் இருக்க முடியாது. அதுக்கு என்ன பண்றது? அப்புறம் கரண்டு போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போது வேற மாதிரி கொர்ர்னு வருது, அதுக்கு மருந்து உண்டா?


முத்தியால்பேட்டை சால்டரிங்:

செட்டாப் பாக்ஸுலேர்ந்து ஆம்ப்புக்கு போற செவப்பு வெள்ள ஒயர் இருக்குல்ல, அதுக்கு நடுவுல கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்னு ஒரு குட்டி டப்பா போடுங்க. உள்ள ரெண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அவ்ளோ தான், சிக்னல் காந்தம் வழியா தாவிடும், கிரவுண்டு தாவாது. கார் ஸ்டீரியோ வேல பாக்கற கடைல கேளுங்க, 200, 300க்கு கெடைக்கும். விலை கம்மி டப்பால அடி பேஸ் கொஞ்சம் கொறையும், அதனால அத டிவி பக்கம் போடுங்க, பாட்டு பக்கம் போடாதீங்க, சீரியலுக்கு பேஸ் தேவையில்ல.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்வா இருக்கும், அதுல 50 ஹெர்ட்ஸ் மட்டும் வராது, அதோட மடங்குல ஒரு கூட்டமே வரும், அதான் கொர்ர்னு கேக்குது. சைன் வேவ் இன்வெர்ட்டர் மாத்துனா போகும், ஆனா சத்தத்துக்காக மட்டும் மாத்த சொல்ல மாட்டேன், பழசு செத்ததும் பாத்துக்கலாம். ரெக்கார்டிங் மட்டும் கரண்டு இருக்கும்போது வச்சிக்கங்க. 2011 தானே புயல் அப்ப கடலூர்ல கரண்டு எத்தன நாள் இல்லாம கெடந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல தேவையில்ல, அந்த மாதிரி சீசன்ல கேசட் வேலைய ஆரம்பிக்காதீங்க.

வீட்டு எர்த்தையும் ஒரு தடவ ஒயர்மேன விட்டு பாக்க சொல்லுங்க. முதுநகர் பக்கம் மண்ணு உப்பு, குழாய் சீக்கிரம் துருப்புடிச்சி போயிடும், மேல பாத்தா ஒயர் நல்லா தான் தெரியும்.


வில்லியனூர் மத்தளம்:

கூத்து கேசட்டுன்னு பாத்ததும் உள்ள வந்தேன். நான் சின்னதா ஒரு ரூம் வச்சி ரெக்கார்டிங் பண்றேன், கோயில் பாட்டு, கூத்து, அப்பப்ப டப்பிங். தம்பி, உங்க கேசட் வேலைக்கு அந்த 350 ரூபா டாங்கிள் தான் இருக்கறதுலயே மோசமான தேர்வு, காரணம் கேளுங்க. அந்த மாதிரி டாங்கிள்ல பெரும்பாலும் இருக்கற சிப்பு வெளிய விடறது ஸ்டீரியோ, உள்ள எடுக்கறது மோனோ, பிங்க் ஓட்டை மைக்குக்காக மட்டும் வச்சது. ஸ்டீரியோ கேசட்ட அதுல ஏத்துனா ஒரு பக்கம் காணாம போயிடும், மைக் ஓட்டைங்கறதால லெவலும் ஒத்து வராம உடைஞ்சி உடைஞ்சி வரும். மேல சொன்ன ஆப்பிள் டாங்கிளும் அப்டி தான், உள்ள எடுக்கறதுக்கு மோனோ மைக் மட்டும்.

உங்க போர்டுல பின்னாடி நீலக் கலர் ஓட்டை இருக்கு பாருங்க, அது லைன் இன், ஸ்டீரியோ, டேப்லேர்ந்து எடுக்கறதுக்குன்னே வச்சது. ஏஎல்சி887ல உள்ள எடுக்கற பக்கம் 90 டெசிபல். சாதா கேசட்டு, இரைச்சல கொறைக்கற டால்பி இல்லாம, நல்லா இருந்தாலே 50, 55 டெசிபல் தான். உங்க அப்பா மைதானத்துல டேப்ப மடில வச்சி எடுத்தது அதுக்கும் கீழ. அப்ப கேசட்டோட இரைச்சல் கீழ ஆன்போர்டோட இரைச்சல் எங்கயோ பொதஞ்சி போயிடும், 2000 ரூபா கார்டு இல்ல 20000 ரூபா இன்டர்ஃபேஸ் போட்டாலும் அந்த கேசட்ட பொறுத்தவர ஒரு முடி கூட நல்லா வராது.

காசு செலவு பண்ணணும்னா டேப் ரெக்கார்டர் மேல பண்ணுங்க. அப்பா பதிவு பண்ண அதே செட்டு இன்னும் இருக்கா? இருந்தா அதுலயே ஓட்டுனா ரொம்ப நல்லது, டேப்ப படிக்கற ஹெட்டோட சாய்வு ஒண்ணா இருக்கும். வேற செட்டுன்னா ஹெட் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அசிமத்னு சொல்வாங்க, பாட்டு ஓடும்போதே அத கால் சுத்து அந்த பக்கம் இந்த பக்கம் திருப்பி பாருங்க, தாளம் எந்த எடத்துல பளிச்சுனு கேக்குதோ அங்க விடுங்க. கார்டு மாத்துனா வராத வித்தியாசம் இந்த ஸ்க்ரூல வரும், சத்தியமா. ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல பட்ஸ் நனச்சி தொடச்சிட்டு ஆரம்பிங்க, ஒவ்வொரு கேசட்டுக்கும் நடுவுல மறுபடி தொடைங்க. பூசணம் புடிச்ச கேசட்ட மொதல்ல ஓட்டாதீங்க, அந்த வெள்ளப் பொடி ஹெட்ல ஒட்டி நல்ல கேசட்டுக்கும் போயிடும், அதெல்லாம் தனியா எடுத்து வச்சி கடசில பாருங்க. ரொம்ப வருசமா சுத்தாத டேப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒரு தடவ முழுசா முன்னாடி ஓட்டி பின்னாடி ஓட்டிட்டு அப்புறம் ப்ளே போடுங்க.

செட்டுல லைன் அவுட் இருந்தா அதுலேர்ந்து எடுங்க. இல்லன்னா ஹெட்போன் ஓட்டைலேர்ந்து நீலத்துக்கு, டேப் வால்யூம் மூணுல ஒரு பங்குல ஆரம்பிச்சி, ஆடாசிட்டின்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல மீட்டர் உச்சில மைனஸ் 6 தாண்டாத மாதிரி. கூத்துல இது ரொம்ப முக்கியம், ஏன்னா பாட்டு சாதாவா போயிட்டிருக்கும், திடீர்னு வேசம் திரைய வுட்டு வரும்போது மத்தளமும் தாளமும் கூட்டமும் ஒண்ணா எகிறும், அங்க கிளிப் ஆச்சுன்னா, அதாவது அளவு தாண்டி சத்தம் உடைஞ்சா, திரும்ப எடுக்கறத தவிர வழியே கெடையாது. விண்டோஸ்ல சவுண்டு செட்டிங்ல லைன் இன்னுக்கு என்ஹான்ஸ்மென்ட்னு எது இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க, அது இருந்தா அமைதியான எடத்த ஏத்தி சத்தமான எடத்த எறக்கி கூத்தையே தட்டையாக்கிடும்.

நாய்ஸ் ரிடக்சன பத்தி ஒரு வார்த்த. எல்லாரும் மொத கேசட் ஏத்தின உடனே அத போட்டு தள்ளிடறாங்க. முகவீணை சத்தம் மேல் சுருதில கூர்மையா இருக்கும், தாளமும் அப்டி தான், கேசட்டோட ஸ்ஸ்ஸும் அதே எடத்துல தான் இருக்கு. ஸ்ஸ்ஸ முழுசா எடுக்கணும்னு பாத்தா முகவீணை மூக்கடச்ச மாதிரி ஆயிடும், தாளம் தண்ணிக்குள்ள தட்ற மாதிரி கேக்கும். கை வைக்காத ஒரிஜினல தனியா எடுத்து வச்சிட்டு காப்பில வெளையாடுங்க, 6 டெசிபலுக்கு மேல கொறைக்காதீங்க. என்ன கேட்டா அந்த ஸ்ஸ்ஸ் இருந்தா இருந்துட்டு போகட்டும், அது இல்லாம கூத்து கேசட்ட கேக்க எனக்கு மனசு வர்றதில்ல.


ஓ.டி. கேசட்:

அண்ணே நீங்க எழுதுனத அப்பாவுக்கு படிச்சி காட்டுனேன், அவரு "யாருடா இது, கூத்து ஜமால (குழுவுல) இருந்தவரா"ன்னு கேக்கறாரு. பழைய செட்டு இருக்கு, பெல்ட்டு மட்டும் போயிருக்கு. ஒரு டவுட்டு, ஆடாசிட்டில 24 பிட்டு 96 கிலோஹெர்ட்ஸ்னு வைக்கணும்னு ஒரு வீடியோல சொல்றாங்க, அதுக்கு தான் நல்ல கார்டு வேணும்ங்கறாங்களே?


வில்லியனூர் மத்தளம்:

ஜமால இருந்தது எங்க தாத்தா, நான் வெறும் பேர் வச்சிக்கிட்டேன் 🙂

கேசட்டுக்கு 96 வைக்கறது அரைப்படி அரிசிய மூட்ட சாக்குல கட்ற மாதிரி. அந்த டேப்புல 12, 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணுமே இருக்காது, 44.1 வச்சாலே 22 வரைக்கும் புடிக்கும். 16 பிட் 44.1ல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 600 எம்பி ஆகும், டிரங்கு பொட்டி முழுக்க ஏத்தணும்னா எவ்ளோ ஹார்டு டிஸ்க்குன்னு நீங்களே போட்டுக்கங்க. 24 பிட்ல எடுத்தா லெவல கொஞ்சம் கம்மியா வச்சிட்டு பயமில்லாம எடுக்கலாம், அந்த ஒரு சௌகரியம் உண்டு, உங்க போர்டுலயே 24 பிட் வரும், டிரைவர்ல காட்டும். சேவ் பண்றத வேவ்ல, இல்லன்னா ஃப்ளாக்ல பண்ணுங்க, எம்பி3 வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்களுக்கு அனுப்ப மட்டும்.


நெய்வேலி டவுன்ஷிப்:

நடுவுல வந்து கேக்கறேன், மன்னிக்கவும். என்கிட்ட டெஸ்க்டாப் இல்ல, லேப்டாப் தான், அதுல ஒரே ஒரு ஓட்டை, ஹெட்போன் மைக் ரெண்டுக்கும் அதே. எங்க வீட்லயும் பழைய கேசட் இருக்கு. மேல சொன்ன கணக்குப்படி எனக்கும் ஒண்ணும் வாங்க தேவையில்லையா?


வில்லியனூர் மத்தளம்:

உங்களுக்கு தேவை. லேப்டாப்ல இருக்கற அந்த ஒத்த ஓட்டைல உள்ள எடுக்கறது மோனோ மைக் தான், லைன் இன்னே கெடையாது. நீங்க லைன் இன் இருக்கற யூஎஸ்பி டப்பா ஒண்ணு வாங்கியே ஆகணும். பெரிங்கர் யூசிஏ202, செவப்புக் கலர்ல யூசிஏ222, இந்த வேலைக்கு நெறைய பேர் வச்சிருக்கறது, ஸ்டீரியோ ஆர்சிஏ (அந்த செவப்பு வெள்ள ஒயர் சொருகுற ஓட்டை) ரெண்டு உள்ள ரெண்டு வெளிய, 16 பிட் 48 வரைக்கும் தான், கேசட்டுக்கு அது போதும். வேற எந்த பிராண்டு வாங்குனாலும் பொட்டில ஸ்டீரியோ லைன் இன்புட்னு எழுதியிருக்கான்னு பாருங்க, மைக் இன்னு மட்டும் இருந்தா கைல எடுத்தத அப்டியே வச்சிட்டு வந்துடுங்க. லேப்டாப் ஹம் அடிச்சா சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டி எடுங்க.

பாடறது டப்பிங் பேசறதுன்னா கதை வேற, அங்க கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் குடுக்கணும், காதுல லேட் இல்லாம கேக்கணும், அதுக்கு ஆன்போர்டு ஆகாது, மைக் இன்டர்ஃபேஸ் தான். நான் கூட அதுக்கு தான் வச்சிருக்கேன்.


லாஸ்பேட்டை லெஃப்ட் ரைட்:

பாத்தீங்களா, கடசில நாலு பேருல ரெண்டு பேருக்கு எதாவது ஒரு கார்டு தேவப்படுது. நான் மொதல்லயே சொன்னேன்.


முத்தியால்பேட்டை சால்டரிங்:

நீங்க சொன்னது வேற கார்டு, அவங்களுக்கு தேவப்படறது வேற கார்டுப்பா 😀

ஓ.டி. தம்பி, டேப் பெல்ட்டு போயிருக்குன்னீங்களே, ரப்பர் பேண்டு போட்டு ஓட்டிடாதீங்க, வேகம் ஏறி இறங்கி முகவீணை அழுவும். பழைய பெல்ட்ட நெட்டா மடிச்சி நீளம் அளந்துட்டு வாங்க, மடிச்ச நீளத்துக்கு ரெண்டு பங்கு தான் முழு சுத்து, பழசு நீண்டு போயிருக்கும், அதனால அதுக்கு ஒரு அஞ்சு பர்சன்ட் சின்னதா கேளுங்க. சதுர பெல்ட்டா தட்ட பெல்ட்டான்னும் பாத்துக்கங்க. கடலூர்ல கெடைக்கலன்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல போட்டி போட்டு விக்கறாங்க, பத்து சைஸ் கலந்து ஒரு பாக்கெட்டா வாங்கிடுங்க. ஐசோலேட்டர், பச்ச ஓட்டைக்கு நீட்டு ஒயர், நீலத்துக்கு ஒரு ஒயர், எர்த் உள்ள எக்ஸ்டென்சன் பாக்ஸு, பெல்ட்டு, எல்லாம் சேத்தாலும் உங்க 2000ல பாதிக்கு மேல மிச்சம் இருக்கும்.


ஓ.டி. கேசட்:

சரிண்ணே, சனிக்கிழம சென்னை போற வேல இருக்கு, பெல்ட்டு அங்கயே பாத்துக்கறேன். எக்ஸ்டென்சன் பாக்ஸு இன்னைக்கே வாங்கிட்டேன், கடைலயே ஸ்க்ரூ கழட்டி உள்ள பச்ச ஒயர் இருக்கான்னு பாத்துட்டு தான் காசு குடுத்தேன், கடைக்காரரு ஒரு மாதிரி பாத்தாரு.